இரண்டு பக்கமும் சமம்

வலது கண் மறுபடியும் உறுத்தியது. தூசி ஒன்றும் விழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் மேலே சுற்றுகிற மின்விசிறிக் காற்றே அந்தக் கண்ணுக்குப் போதும். இடது கண் இமைத்து இமைத்துத் தன்னை ஈரமாக்கிக்கொள்ளும்போது இது மட்டும் மூடத் தெரியாமல் விழித்தபடி காய்ந்துகொண்டிருக்கும். ஆவுடையப்பன் விரலால் மேல் இமையை மெல்ல இழுத்து மூடினார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், விட்டார். இமை பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சங்கரவடிவு பையைத் துழாவிச் சொட்டு மருந்துக் குப்பியை நீட்டினாள். "வேண்டாம். மருந்து விட்டா கண்ணு தெளிஞ்சு போவும். காஞ்சு கிடக்கதைத்தான் அவுக பாக்கணும்" என்றார். "ஆமா, காட்டிக் கிழிச்சீய. போன தடவையும் இதே பெஞ்சில இருந்து பெருசா பேசிட்டுத்தான் எந்திரிச்சுப் போனீய. உள்ள போயி பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்துட்டு வந்துட்டீய." அவள் சொன்னது அத்தனையும் நிஜம். போன தடவை ஒரு சின்ன வயது டாக்டர், எதிரே பெருங்கூட்டம், "எப்படி இருக்கு பெரியவரே?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தார். "பரவாயில்லை." அந்த வார்த்தை வாயில் தயாராக நிற்கிறது, எப்போதும், யார் கேட்டாலும். "பல்லைக் காட்டுங்க." காட்டினார். வலது பக்கம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே இடது பக்கமும். "நல்லா ஆயிட்டுதே. இனி வர வேண்டாம்." வெளியே வந்ததும் இவள் கேட்டாள், "என்ன சொன்னாவ?" "நல்லா ஆயிட்டுதாம்." "யாருக்கு?" என்றாள். அந்த ஒரு கேள்வி வீடு வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது. இன்றைக்கு அப்படி ஆகக் கூடாது. பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வலப்பக்கம் விழுந்துவிட்ட முகத்தில் நல்ல இடப்பக்கத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். விட்டால் முகம் கோணும். கோணுவதைத்தான் காட்ட வேண்டும். கண் டாக்டர் போன வாரம் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்: கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறது, இமை மூடாமல் இப்படியே காய்ந்தால் புண்ணாகும், புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், பார்வை போகும். இமைக்கு ஏதாவது செய்யலாம், ஆனால் முக நரம்பு பார்க்கிறவர்கள் எழுதித் தர வேண்டும். அவர்கள் சீட்டில் 'குணம்' என்று இருக்கிறதே, எப்படி? எப்படி என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். சொட்டு மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு கனத்த மனிதர், கழுத்தில் துண்டு, பேச்சு கடைசியில் குழைந்தது. முகத்தின் இடது பாதி மெழுகு உருகினாற்போல் கீழே வழிந்திருந்தது. பரோட்டா மாஸ்டராம், ஊர் கடையநல்லூர்ப் பக்கமாம், எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். "வலது" என்றார் ஆவுடையப்பன். "நமக்கு இடது. உங்க நல்ல பாதியையும் என் நல்ல பாதியையும் ஒட்டினா ஒரு மாப்பிள்ளை தேறுவான், என்ன மதினி?" என்று சங்கரவடிவைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு காதுவரை போனது, மறுபக்கம் எச்சில் வழிந்தது, துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எப்படி முடிகிறது? "ஆனா உங்களுக்கு ஒண்ணுமே தெரியலியே அண்ணாச்சி. பாத்தா துணைக்கு வந்தவுகன்னுல்லா நெனப்பாவ." ஆவுடையப்பனின் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. இத்தனை மாதம் பட்ட பாடு வீண் போகவில்லை என்று ஒரு சந்தோஷம், பரீட்சையில் தேறியவனைப் போல. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தைக் கண்டு பயம் வந்தது. கண் போகப் போகிறது, இந்த மனசு இன்னமும் தெரியவில்லை என்கிற சொல்லுக்கு ஏங்குகிறதே. இதுதான் எதிரி. உள்ளே இருக்கிற டாக்டர் அல்ல, கூட்டம் அல்ல, இந்தக் குளிர்ச்சிதான். இதைத்தான் மிதித்துத் தாண்ட வேண்டும்.

முகத்துக்கு இது வந்தது ஆடி மாதம். கண்டக்டர் வேலையில் அன்றைய முதல் ட்ரிப். சந்திப்பிலிருந்து பஸ் நிறைந்து கிளம்புகிற நேரம். பின் படியில் நின்று விசிலை வாயில் வைத்து ஊதினார், சத்தம் வரவில்லை. விசிலில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து உதறிவிட்டு மறுபடி ஊதினார். காற்று வலது கடைவாய் வழியாக, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிறாற்போல, புஸ்ஸென்று போனது. முன்னால் டிரைவர் மாசானமுத்து கண்ணாடியில் பார்த்தார். "என்னவே, நின்னுக்கிட்டே உறங்குதீரா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார், சிரித்தபோதுதான் முகத்தில் ஒரு பாதி வரவில்லை என்று தெரிந்தது, வீட்டில் ஓர் அறையில் மட்டும் மின்சாரம் நின்றுபோனாற்போல. முன்னால் இருந்த ஒரு குழந்தை அவரையே பார்த்தது, உதடு பிதுங்கியது, தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. விசில் இல்லாத கண்டக்டர். ஆள் கூடினால் குரல் அடங்கிப்போகிற சுபாவம் அவருக்கு, சின்ன வயதிலிருந்தே. இந்த வேலையில் எப்படி இத்தனை வருஷம் ஓட்டினாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். விசில் இருந்ததே. ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் போகும். வாயைத் திறந்து யாரையும் அதட்ட வேண்டியதில்லை. அன்று மிச்சம் இருந்த ட்ரிப் முழுவதும் உள்ளங்கையால் தகரத்தில் தட்டித் தட்டியே பஸ்ஸை நடத்தினார். படியிலே நின்றால் காற்று அடிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். காற்றுதான் என்று அவரும் நம்பினார். எண்ணெய் போட்டு நீவினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், புறாக்கறி தின்றால் திரும்பிவிடும் என்று மைத்துனர் ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார், சங்கரவடிவு அவற்றைத் திறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மாத்திரை நன்றாக வேலை செய்கிற நாட்கள் கழிந்துவிட்டன என்றார்கள். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முகத்துக்கு வருகிற நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகின சந்து வழியாக வருகிறது, அங்கே அது வீங்கி நெரிபட்டுவிட்டது என்றார்கள். அதைக் கேட்டபோது வருத்தத்துக்கு நடுவிலும் ஒரு நிறைவு. ஒரு நெரிசல். அது அவருக்குப் புரிகிற விஷயம்.

கல்யாணம் ஆவணியில். நிச்சயித்த தேதியை மாற்ற முடியாது, மகள் செண்பகத்தின் கல்யாணம். தாலி கட்டி முடிந்து குடும்பத்தோடு நிற்க வைத்து, போட்டோ எடுக்கிற பையன் சொன்னான், "அப்பா, கொஞ்சம் சிரிங்க." சிரித்தார். சிரிப்பு தானாகத்தான் வந்தது, யாரும் சொல்லாவிட்டாலும் வந்திருக்கும். ஆல்பம் வந்தபோது அந்தப் பக்கத்தைப் புரட்டின மாப்பிள்ளையின் தாயார் ஒரு நொடி நின்று, பிறகு சேலைக் கரை நன்றாக இருக்கிறது என்றாள். அந்த ஒரு நொடி. வாய் இடது காதை நோக்கிக் கிழிந்தாற்போல், ஒரு கன்னம் உப்பி ஒரு கன்னம் தொங்கி, ஒரு கண் சுருங்கி ஒரு கண் வெறித்து, நடுவில் மகள் அத்தனை அழகாக. அவர் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தார். வலது பக்கத்தை ஏற்ற முடியவில்லை. அது கையில் இல்லை. கையில் இருப்பது இடது. வலதை இடதுக்கு ஏற்ற முடியாவிட்டால் இடதை வலதுக்கு இறக்கலாம். டிக்கெட் கணக்கும் பைக் காசும் நேராகாமல் டிப்போவை விட்டுக் கிளம்பாத மனிதருக்கு அது சரியான வழியாகத்தான் பட்டது, அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பஸ் காலியாக நிற்கிற மத்தியான நேரங்களில் டிரைவரின் தலைக்கு மேலே இருக்கிற நீளக் கண்ணாடியில் பழகினார். முதலில் புருவம். இடது புருவம் ஏறப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்து. பிறகு கன்னம். பிறகு உதட்டின் ஓரம், அதுதான் முரடு, மாசானமுத்து ஏதாவது சொன்னால் குபீரென்று கிளம்பிவிடும், பல்லை உள்ளே கடித்து அதை அடக்கினார். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த பயிற்சிகளில் கன்னத்தை உப்பச் சொன்னார்கள், உதட்டைக் குவிக்கச் சொன்னார்கள், மெதுவாக, கொஞ்சமாக, கண்ணாடி பார்த்து. அதைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார். பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. இதில் தெரிந்தது. ஐப்பசிக்குள் கண்ணாடியில் ஒரு மனிதர் இருந்தார், இரண்டு பக்கமும் சமமாக, ஆணி அடித்து மாட்டினாற்போல. வேறு யாரோ ஒரு மரியாதையான ஆள்.

வீட்டில்தான் அது செல்லவில்லை. கார்த்திகையில் செண்பகம் போனில் முகம் பார்த்துப் பேசினாள், மாமியார் வீட்டில் முதன்முதலாகத் தானே சமைத்த கதையை, குழம்பில் உப்புக்குப் பதில் எதையோ போட்ட கதையை, மூச்சு விடாமல் சொன்னாள். அவருக்கு உள்ளே சிரிப்பு வயிற்றைக் குலுக்கியது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, வயிறு குலுங்கியது. முகம் அசையவில்லை. அசைய விடவில்லையா, அசையவில்லையா, அப்போதே அது தெளிவாக இல்லை. மகளின் குரல் சுருங்கிக்கொண்டே போனது. போனை வாங்கின தாயிடம் கேட்டாளாம், "அப்பாவுக்கு எம்மேல என்னம்மா கோவம்?" சங்கரவடிவு அதை வந்து சொன்னபோதும் அவர் முகம் அப்படியே இருந்தது. "கோவமா சிரிப்பான்னு எனக்கே தெரிய மாட்டேங்கு, அவ சின்னப் புள்ள என்ன செய்வா? மொதல்ல கோணினாலும் அது நீங்கதான்னு தெரிஞ்சுது. இப்ப யாருக்குச் சோறு போடுதேன்னு இருக்கு." அன்றைக்கு அவர் கண்ணாடி முன்னால் போய் நின்று இடது பக்கத்தை விட்டுப் பார்த்தார். விடு என்றார் அதனிடம். அது விடவில்லை. பிடித்திருப்பது எது, விட வேண்டியது எது என்று தெரியாமல் நின்றார். இறுக்கிய கையைத் திறப்பதற்கு விரல் இருக்கிறது. முகத்துக்கு என்ன இருக்கிறது? அந்தப் பயம்தான் இப்போதும் இருக்கிறது, கண்ணைப் பற்றிய பயத்துக்கும் கீழே. உள்ளே போய், டாக்டர் கேட்டு, காட்ட வேண்டும் என்று மனசார நினைத்தும் அது வராமல் போனால்? கதவு திறந்தது. சற்று முன் உள்ளே போயிருந்த பரோட்டா மாஸ்டர் வெளியே வந்தார், நெற்றியிலும் கன்னத்திலும் அளவெடுக்க வைத்த பேனாப் புள்ளிகள். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, மூஞ்சியக் கோணிக் கோரணி காட்டச் சொல்லுதாவ, நல்லாக் காட்டிட்டு வாங்க" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது, "ஆவுடையப்பன்!" எழுந்தார். சங்கரவடிவு எழவில்லை. "நான் வரல. நான் பக்கத்துல இருந்தா எனக்காக வேசம் போடுவீய. போயிட்டு நீங்களா வாங்க."

அறையில் ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல், எதிரே மூன்று கால் தாங்கியில் ஒரு கேமரா, அதற்குப் பின்னால் ஒரு பெண், மேஜையருகே டாக்டர். இவரும் பெண்தான், செண்பகத்தைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "உட்காருங்க ஐயா. முதல்ல சும்மா இருங்க, எதுவும் செய்யாதீங்க." அது அவருக்குக் கைவந்த காரியம். டாக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், அவசரப்படவில்லை. "புருவத்தைத் தூக்குங்க. மேல பாருங்க... தூக்குங்க ஐயா." தூக்கினார், தூக்கத்தான் நினைத்தார், நெற்றி பலகையாகக் கிடந்தது. "பல்லைக் காட்டிச் சிரிங்க." உதடு இரண்டு ஓரமும் நூலளவு விலகி நின்றுவிட்டது. இப்போது விடு, இப்போது. அவர் அதனிடம் கெஞ்சினார், அது ஐந்து மாதம் படித்த பாடத்தையே ஒப்பித்தது. பழக்கம் என்பது இத்தனை விசுவாசமாக இருக்குமா? டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு திரும்பி அந்தப் பெண்ணிடம் சொன்னார், "நெற்றி, கன்னம், வாய், இரண்டு பக்கமும் அசைவு குறைவு, சமம்னு எழுது." அவரிடம் கேட்டார், "ஐயா, பழைய சீட்டுல வலதுன்னுதானே இருக்கு? இடது பக்கமும் எப்போ வந்தது? ரெண்டு பக்கமும்னா இது வேற மாதிரி. தலைக்கு ஸ்கேன், ரத்தம், எல்லாம் முதல்ல இருந்து பார்க்கணும். கண்ணு விஷயம் அதுக்கப்புறம்தான்." அதற்கப்புறம். அதுவரை கருவிழி காத்திருக்குமா? பேனா தாளில் ஊர்கிற சத்தம் கேட்டது. வாயில் அந்தப் பழைய வார்த்தை தயாராக நின்றது, சரி என்று தலையாட்டினால் போதும், எழுந்து போய்விடலாம், யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். "எழுதாதீய" என்றார் ஆவுடையப்பன். அந்தக் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது, நிறைந்த பஸ்ஸில்கூட அவர் அப்படிச் சத்தம் கொடுத்ததில்லை. பேனா நின்றது. "இடது நல்லாத்தாம்மா இருக்கு. நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?" என்றார் டாக்டர். "நேரா இருக்கட்டும்னு." டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "எத்தனை நாளா?" "கல்யாணம் முடிஞ்சதுல இருந்து." யார் கல்யாணம் என்று அவர் கேட்கவில்லை. "இப்போ விட முடியுதா?" "தெரியல. விட்டுப் பாத்தேன், வரல." தன்னைக் கேட்டால் இவ்வளவும் பேசுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய இடது கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, மாவு பிசைகிறாற்போல மெல்ல, வட்டமாக அழுத்தினார். எங்கோ ஒரு முடிச்சு இருந்தது, வலித்தது, அந்த வலி நன்றாக இருந்தது. "சிரிக்க வேண்டாம். சொன்னா யாருக்கும் சிரிப்பு வராது. குளிக்கும்போது சோப்பு நுரை கண்ணுக்குள்ள போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. இறுக்கி மூடுங்க. நல்லா. இன்னும்." நுரை. எரிச்சல். மூடு. இடது கண் இறுகியது, கன்னம் மேலே ஏறியது, அது கூடவே உதட்டைத் தூக்கிக்கொண்டு போனது, தடுக்க யாரும் இல்லை, பல்லைக் கடிக்க நேரமில்லை. வலது இமை பாதியில் நின்றது. விழி மட்டும் மேலே உருண்டு போனது, வெளியே தெரிகிற வெள்ளையின் மேல் காற்று படுவதை அவரால் உணர முடிந்தது. ஆல்பத்தில் இருந்த அந்த முகம்தான் இது. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு பேர் பார்க்க, கேமரா பார்க்க. முகத்தை மூடக் கை துண்டைத் தேடி மடியில் நகர்ந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "அப்படியே இருங்க" என்றார் டாக்டர், குரலில் ஒரு வேகம். "வலது மூடல, நல்லா இடைவெளி இருக்கு. இப்போ உதட்டைக் குவிங்க, ஊதுற மாதிரி... பார், வாய் அசையும்போது வலது கண்ணு சுருங்குது, நரம்பு ஆறும்போது தப்பாக் கூடியிருக்கு. புருவம்? ம், இடது நல்லா ஏறுது." ஒவ்வொன்றும் ஒரு கதவு திறக்கிற மாதிரி இருந்தது, ஒவ்வொன்றின் பின்னாலும் கோணல். பார்க்கட்டும். எல்லாவற்றையும் பார்க்கட்டும். கன்னத்தை உப்பினார், காற்று வலது கடைவாயில் ஓடியது, எச்சிலோடு. பார்க்கட்டும்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: மேல் இமைக்குள் ஒரு சின்ன எடையை வைத்துத் தைத்துவிட்டால் கண் தன் பாரத்திலேயே மூடிக்கொள்ளும், கருவிழி தப்பித்துவிடும், இடது பக்கத்தைத் தளர்த்த நீவிவிடச் சொல்லித் தருவோம், வலது பக்கத்துக்குக் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி, முழுசாக வராது, ஆனால் இதைவிட வரும். முழுசாக வராது என்பதை அவர் அழுத்திச் சொன்னார், ஆவுடையப்பனுக்கு அது பிடித்திருந்தது. "கண் ஆஸ்பத்திரியில இந்த வீடியோவைப் பார்த்துத்தான் எடை எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க. மத்தியானம் அனுப்பிடுறேன்." கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண் எதையோ அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், முகம் வெளிறியது. "மேடம்... பதிவாகலை. இடமில்லைன்னு நின்னிருக்கு. முதல்ல அவர் சும்மா இருந்தது மட்டும்தான் இருக்கு." அந்தக் கேமராவுக்குள் இப்போது இருப்பது அந்த மரியாதையான ஆள், இரண்டு பக்கமும் சமமாக. டாக்டர் அந்தப் பெண்ணை முறைத்தார், பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஐயா... தப்பா நினைக்காதீங்க, கஷ்டம்னு தெரியும். மறுபடியும் முதல்ல இருந்து..." டாக்டர் முடிப்பதற்குள் ஆவுடையப்பன் எழுந்து ஸ்டூலை ஜன்னலுக்கு இன்னும் ஒரு சாண் கிட்டத்தில் தள்ளிப் போட்டார், வெயில் முகத்தில் நேராக விழுகிற இடத்தில். உட்கார்ந்தார். "பழையதை அழிச்சுரு தாயி" என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் அழித்தாள். "ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்று அவள் தலையாட்டினாள். யாரும் சொல்வதற்கு முன்னால் புருவத்தைத் தூக்கினார்.